ஆங்கிலத்தில் தடுமாறும் இடங்களும் கைகொடுக்கும் தமிழும்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் பணிபுரியும் இளம்பெண் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “டீச்சர், நான் தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சிதான். விதிகளைக் கேட்டால் சொல்லிவிடுவேன். ஆனால் அலுவலகத்தில் நான் எழுதும் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் மேலாளர் திருத்தம் செய்கிறார். என் தாத்தா ஐந்தாம் படிவம் வரைதான் படித்தார், பிழையில்லாமல் எழுதுவார். எனக்கு ஏன் வரவில்லை? எப்படித் திருத்திக்கொள்வது?” மேலாளர் திருத்திய மின்னஞ்சல் ஒன்றையும், கடைசியில் ஒரு தனிச் சந்தேகத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்.

அந்த மின்னஞ்சலின் முக்கியப் பகுதி இது: “ஐ ஹேட் கம்ப்ளீட்டட் தி ரிப்போர்ட் யெஸ்டர்டே. வீ டிஸ்கஸ்ட் அபவுட் தி ஈக்விப்மென்ட்ஸ் வித் தி ஸ்டாஃப்ஸ். ஐ ஆம் ஹேண்ட்லிங் திஸ் சின்ஸ் த்ரீ மந்த்ஸ். ப்ளீஸ் ரிவெர்ட் டுடே இட்செல்ஃப்.”

முதலில் தாத்தாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் காலத்தில் ஆங்கிலப் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டும் இருக்கவில்லை. வரலாறு, புவியியல், கணிதம் எல்லாவற்றையும் அந்த மொழியிலேயே படித்தார்கள். 1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் முதற்கொண்டு அப்படிப்பட்ட பள்ளிகள் ஜார்ஜ்டவுனில் பல இருந்தன. 1970இல் முதலாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக அவை மலாய்வழிக்கு மாறின. 2003இல் கணிதமும் அறிவியலும் மட்டும் ஆங்கிலத்துக்குத் திரும்பின. 2012இலிருந்து அதுவும் படிப்படியாக விலக்கப்பட்டது. ஆகவே தாத்தாவுக்கு நாள் முழுக்கக் கிடைத்த புழக்கம் உங்களுக்கு வாரத்தில் சில பாடவேளைகள் மட்டுமே கிடைத்தது. உங்கள் அறிவுக்கும் இந்தப் பிழைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். வெட்கத்தோடு எழுதுகிறவரின் பிழை கூடுமே தவிரக் குறையாது.

இலக்கணப் புத்தகங்கள் பிழைகளைக் காலம், ஒருமை பன்மை, முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்) என்று பிரித்து வைக்கும். நம் ஊர்க்காரர்களுக்கு நான் அவற்றை வேறு விதமாகப் பிரித்துக் காட்டுவது வழக்கம்: இந்தப் பிழை எந்த மொழியிலிருந்து வந்தது? பினாங்கில் வளரும் பிள்ளையின் காதில் வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், சந்தையில் ஹொக்கியன் என்னும் சீன மொழி என்று மூன்று மொழிகள் விழுகின்றன. ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது இவற்றில் ஏதோ ஒன்று வாக்கியத்துக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். எது ஓடுகிறது என்று கண்டுகொண்டால் பிழை பிடிபடும். இன்னொன்றும் சொல்கிறேன். நம் பிள்ளைகள் தடுமாறும் இடங்களில் பாதிக்கு மேல் தமிழே சரியான விடையைக் கையில் வைத்திருக்கிறது. தமிழைக் கேட்டுப் பார்க்கும்படி அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

உங்கள் மின்னஞ்சலுக்கு வருவோம். அதில் உள்ள பிழைகள் அநேகமாகத் தமிழிலிருந்து வந்தவை.

“ஐ ஹேட் கம்ப்ளீட்டட் தி ரிப்போர்ட் யெஸ்டர்டே” என்ற வாக்கியத்தின் அடியில் “நேற்றே அறிக்கையை முடித்திருந்தேன்” என்ற தமிழ் இருக்கிறது. “நேற்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போயிருந்தேன்” என்று தமிழில் இயல்பாகச் சொல்கிறோம். போனது, வந்தது, முடிந்தது என்ற நிறைவு அந்த ‘இருந்தேன்’ என்பதில் இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘ஹேட்’ அப்படித் தனியாக நிற்காது. கடந்த காலத்தில் இரண்டு நிகழ்வுகள் இருந்து, அவற்றில் முந்தியது எது என்று காட்ட வேண்டியிருக்கும்போதுதான் அது வரும்: “வென் தி ஆடிட்டர் அரைவ்ட், ஐ ஹேட் கம்ப்ளீட்டட் தி ரிப்போர்ட்.” ஆடிட்டர் வந்தது ஒன்று, அதற்கு முன்பே முடித்தது மற்றொன்று. இரண்டாவது நிகழ்வு வாக்கியத்திலோ பக்கத்து வாக்கியத்திலோ இல்லாவிட்டால் ‘ஹேட்’ வேண்டாம். “ஐ கம்ப்ளீட்டட் தி ரிப்போர்ட் யெஸ்டர்டே” போதும்.

‘ஹேவ்’ விஷயத்தில் தமிழ் உங்களுக்குத் துணை நிற்கும். “லங்காவிக்குப் போயிருக்கிறேன்” என்பது “ஐ ஹேவ் பீன் டு லங்காவி”. எப்போது என்று கேட்டால், “சென்ற மாதம் போனேன்” என்றுதான் பதில் சொல்வீர்கள். “சென்ற மாதம் போயிருக்கிறேன்” என்பது உங்கள் காதுக்கே ஒரு மாதிரியாக ஒலிக்கும். ஆங்கிலக் காதுக்கும் அப்படித்தான். யெஸ்டர்டே, லாஸ்ட் மந்த், இன் 2019 என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ அங்கே நிற்காது.

அடுத்தது “சின்ஸ் த்ரீ மந்த்ஸ்”. இதில் இரண்டு பிழைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. முதல் பிழையைத் தமிழே தீர்த்து வைக்கும். ‘இலிருந்து’ என்று சொல்ல முடிந்தால் ‘சின்ஸ்’, ‘ஆக’ என்று சொல்ல முடிந்தால் ‘ஃபார்’. மார்ச்சிலிருந்து என்றால் சின்ஸ் மார்ச். மூன்று மாதமாக என்றால் ஃபார் த்ரீ மந்த்ஸ். இதை வைத்துப் பார்த்தால் சின்ஸ், ஃபார் இரண்டும் உங்களுக்கு ஒருபோதும் குழம்பாது. இரண்டாவது பிழை தமிழால் வருவது. “மூன்று மாதமாக இதைக் கவனிக்கிறேன்” என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம், அதனால் “ஐ ஆம் ஹேண்ட்லிங்” என்று எழுதிவிடுகிறோம். முன்பே தொடங்கி இன்றுவரை நீளும் வேலைக்கு ஆங்கிலம் வேறு வடிவம் கேட்கிறது: “ஐ ஹேவ் பீன் ஹேண்ட்லிங் திஸ் ஃபார் த்ரீ மந்த்ஸ்.” வேலை நேர்காணலில் அநேகமாக எல்லாரும் சறுக்கும் இடம் இது. “எத்தனை ஆண்டாக அங்கே வேலை செய்கிறீர்கள்?” என்பது தவறாமல் கேட்கப்படும் கேள்வியாயிற்றே. அந்த ஒரு விடையையாவது வாய்க்குப் பழக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

“டிஸ்கஸ்ட் அபவுட்” என்பதில் உள்ள ‘அபவுட்’ நம்முடைய ‘பற்றி’. அதைப் பற்றிப் பேசினோம் என்கிறோம் அல்லவா? ஆங்கிலத்தில் அந்தப் ‘பற்றி’ டிஸ்கஸ் என்ற வினைக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஆனால் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பெரும்பாலான புத்தகங்கள் சொல்வதில்லை. டிஸ்கஷன் என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ‘அபவுட்’ வரலாம். “எ டிஸ்கஷன் அபவுட் சேஃப்டி” சரி, “வீ டிஸ்கஸ்ட் சேஃப்டி” என்பதும் சரி. பெயர்ச்சொல்லின் பழக்கத்தை வினைக்கும் ஒட்டிவிடுவதால்தான் பிழை வருகிறது. இப்படி ஒரு குடும்பமே இருக்கிறது. எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ் என்போம், வினையாக வந்தால் ஐ ரிக்வெஸ்டட் லீவ். அன் ஆன்சர் டு தி கொஸ்டின், ஆனால் ஆன்சர் தி கொஸ்டின். எம்ஃபசிஸ் ஆன் குவாலிட்டி, ஆனால் எம்ஃபசைஸ் குவாலிட்டி. கான்டாக்ட் வித் தி கஸ்டமர், ஆனால் கான்டாக்ட் தி கஸ்டமர். பெயர்ச்சொல்லுக்கு ஒட்டு வேண்டும், வினைக்கு வேண்டாம். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒரு டஜன் பிழைகள் ஒரே நாளில் போய்விடும்.

ஈக்விப்மென்ட்ஸ், ஸ்டாஃப்ஸ்: கருவிகள், பணியாளர்கள் என்று தமிழில் பன்மை உண்டு, அதனால் எஸ் போடத் தோன்றுகிறது. ஆங்கிலம் இவற்றை மொத்தமாகப் பார்க்கிறது. நம் அலுவலகங்களில் அடிக்கடி தவறும் சொற்கள் இவைதான்: இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், ஸ்டேஷனரி, ஃபீட்பேக், லக்கேஜ், அட்வைஸ். எண்ணிக்கை சொல்லியே ஆக வேண்டுமென்றால் டூ பீசஸ் ஆஃப் ஈக்விப்மென்ட், ஃபைவ் மெம்பர்ஸ் ஆஃப் ஸ்டாஃப் என்று எழுதுங்கள்.

“டுடே இட்செல்ஃப்” என்பது ‘இன்றே’. நம் ஏகாரத்தை ஆங்கிலத்துக்கு எடுத்துப் போக வழியில்லை. டுடே என்றால் போதும், அவசரம் என்றால் பை ஃபைவ் பி.எம். என்று நேரத்தைச் சொல்லிவிடலாம். ‘தான்’ என்பதும் இதே தொல்லையைத் தரும். “நேற்றுதான் வந்தேன்” என்று நினைத்து “ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி” என்று எழுதினால், நேற்று ஒரு நாள் மட்டும் வந்தேன், மற்ற நாள்களில் வரவில்லை என்று வெளியூர்க்காரர் படிப்பார். “ஐ ஒன்லி கேம் யெஸ்டர்டே”, அல்லது “ஐ கேம் ஜஸ்ட் யெஸ்டர்டே.” சும்மா கேட்டேன் என்பதற்கு ‘சிம்ப்ளி’ போடுவதும் இந்த வகைதான். “ஐ வாஸ் ஜஸ்ட் ஆஸ்கிங்” என்பதுதான் அதற்கு இணை.

‘ரிவெர்ட்’ மட்டும் தமிழின் பிழை அல்ல. இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் அலுவலகங்கள் பதில் அனுப்புவது என்ற பொருளில் அந்தச் சொல்லைப் பழக்கிவிட்டன. உள்ளூர் அலுவலகத்துக்கு எழுதினால் யாரும் குழம்ப மாட்டார்கள். ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ உள்ள வாடிக்கையாளருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது என்றே பொருள் தரும். ‘ரிப்ளை’ என்பது எங்கேயும் செல்லும்.

தமிழால் வரும் பிழைகளில் மிக ஆபத்தானது உங்கள் மின்னஞ்சலில் இல்லை, ஆனால் தொலைபேசியில் நீங்கள் செய்துகொண்டிருக்கக் கூடும். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கிறார்: “ஹேவன்ட் யூ ரிசீவ்ட் தி பார்சல்?” பார்சல் வரவில்லை. தமிழில் “பார்சல் வரவில்லையா?” என்று கேட்டால் “ஆமாம், வரவில்லை” என்போம். கேட்டவர் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொள்வது நம் ‘ஆமாம்’. அந்தப் பழக்கத்தில் “யெஸ்” என்கிறீர்கள். எதிர்முனையில் இருப்பவர் பார்சல் வந்துவிட்டது என்று குறித்துக்கொண்டு தொலைபேசியை வைக்கிறார். ஏனென்றால் ஆங்கிலத்தின் யெஸ், நோ கேள்வியைப் பார்ப்பதில்லை, விடையில் வரும் வினையைப் பார்க்கிறது. வந்தது என்றால் யெஸ், வரவில்லை என்றால் நோ. கேள்வி எந்தப் பக்கம் திரும்பிக் கேட்டாலும் அப்படித்தான். இது வெறும் விதி என்று நினைக்காதீர்கள். சரக்கு, பணம், சில வேளை மருத்துவம் வரை இதனால் தடம் மாறும். மருத்துவர் “யூ ஆர் நாட் அலர்ஜிக் டு எனிதிங்?” என்று கேட்கும்போது ஒற்றை யெஸ் எவ்வளவு தூரம் இட்டுச் செல்லும் என்று யோசித்துப் பாருங்கள். எதிர்மறைக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள். “நோ, இட் ஹேஸன்ட் அரைவ்ட்” என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். வாய் தவறி யெஸ் என்று வந்தாலும் பின்னால் வரும் வாக்கியம் காப்பாற்றிவிடும்.

இனி மலாயும் ஹொக்கியனும் கலந்த தெருவிலிருந்து வருபவை. இவற்றைத்தான் தமிழைக் கொண்டு மடக்கலாம்.

“ஷீ வொர்க் ஹியர்”, “ஹீ டோன்ட் நோ”: மலாயில் யார் போனாலும் ‘பெர்கி’தான், வினை மாறாது. ஹொக்கியனிலும் மாறாது. ஆனால் தமிழர்களாகிய நாம் அவன் போகிறான், அவள் போகிறாள், அது போகிறது என்று ஒவ்வொருவருக்கும் வினையை மாற்றிப் பழகியவர்கள். எழுவாயைப் பார்த்து வினையின் ஈற்றை அமைப்பது நம் இரத்தத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் நிகழ்கால வினைகளுக்கு அந்த ஈறுகளில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. ஹீ, ஷீ, இட் வரும்போது எஸ். அதையும் விட்டுவிட்டால் “அவள் போகிறேன்” என்று சொல்வதற்குச் சமம். அப்படி நினைத்துப் பார்த்தால் அந்த எஸ் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

“கேன் யூ பாரோ மீ யுவர் பென்?” என்று கேட்பது மலாயின் ‘பிஞ்சாம்’ பேச்சில் இரண்டு பக்கமும் செல்வதால் வருகிறது. இரவல் வாங்கு, இரவல் கொடு என்று தமிழில் இரண்டு உண்டு. வாங்குவது பாரோ, கொடுப்பது லெண்ட். “ஐ வில் சென்ட் யூ டு தி ஏர்போர்ட்” என்பதன் அடியில் மலாயின் ‘ஹந்தார்’ இருக்கிறது. தமிழில் கொண்டுபோய் விடுவது வேறு, அனுப்புவது வேறு. நீங்களே காரில் கொண்டுபோய் விடுவதாக இருந்தால் ‘டேக்’ அல்லது ‘டிராப்’. ‘சென்ட்’ என்றால் நீங்கள் உடன் போகவில்லை என்றாகும். “கேன் ஐ ஃபாலோ யூ டு லன்ச்?” என்பது ‘ஈக்குட்’. தமிழில் கூட வரட்டுமா என்றுதான் கேட்போம், பின்தொடரட்டுமா என்று கேட்க மாட்டோம். கூட வருவது ‘கம் வித்’. விளக்கையும் மின்விசிறியையும் ‘திறப்பது’ மலாயிலும் ஹொக்கியனிலும் உண்டு, தமிழில் போடுகிறோம், அணைக்கிறோம். ஆங்கிலத்தில் டர்ன் ஆன், டர்ன் ஆஃப்.

“ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்” என்று எஸ் விட்டுப்போவதற்கும் இதே மருந்து. “என் தோழிகளில் ஒருத்தி” என்று தமிழில் பன்மை போடுகிறீர்கள், ஆகவே ஃப்ரெண்ட்ஸ். அதற்கு அடுத்து வரும் வினை அந்த ஒருத்திக்கு உரியது என்பதால் இஸ். “ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் வெய்ட்டிங்.”

ஒரு விளக்கம் இங்கே அவசியம். கோப்பிக் கடையில், பஸ்ஸில், தோழிகளிடம் “ஈட் ஆல்ரெடி?” என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. அது இந்த ஊரின் பேச்சு, அதற்கென்று ஒரு ஒழுங்கும் இனிமையும் உண்டு. அதைத் திருத்தப் போகிறவர்கள்மீது எனக்கு மரியாதை இல்லை. அலுவலகக் கடிதமும் வெளிநாட்டுத் தொலைபேசியும் வேறு இடம், அங்கே வேறு உடை வேண்டும் என்று மட்டுமே சொல்கிறேன்.

எல்லாரையும் வாட்டுவது எ, அன், தி. தமிழிலும் மலாயிலும் இவற்றுக்கு நேரான சொற்கள் இல்லை, உண்மைதான். ஆனால் ‘தி’ செய்யும் வேலையைத் தமிழ் வேறொரு இடத்தில் செய்கிறது. “படிவம் நிரப்பினேன்” என்பதையும் “படிவத்தை நிரப்பினேன்” என்பதையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் ஏதோ ஒரு படிவம். இரண்டாவதில் உங்களுக்கும் எனக்கும் தெரிந்த அந்தப் படிவம். “பேனா வாங்கினேன்”, “பேனாவை வாங்கினேன்” என்பதிலும் அதே வித்தியாசம். இரண்டாம் வேற்றுமையின் ‘ஐ’ இங்கே செய்வது ஏறக்குறைய ‘தி’யின் வேலை. ஆகவே “ஐ ஃபில்ட் இன் எ ஃபார்ம்” எழுதுவதா “ஐ ஃபில்ட் இன் தி ஃபார்ம்” எழுதுவதா என்று தயங்கினால், வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘ஐ’ தானாக வந்தால் ‘தி’, வராவிட்டால் ‘எ’. இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. மனிதர்களைக் குறிக்கும் சொல் பெரும்பாலும் ‘ஐ’ எடுத்துவிடும், அதனால் அங்கே இது பயன்படாது. பொருளே எழுவாயாக வந்தாலும் பயன்படாது. அப்போது படிப்பவர் ‘எது?’ என்று கேட்பாரா என்று பாருங்கள். கேட்க மாட்டார், அவருக்கே தெரியும் என்றால் ‘தி’. எதுவாக இருந்தாலும் சரி, புதிதாக இப்போதுதான் பேச்சில் நுழைகிறது என்றால் ‘எ’.

எ, அன் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தமிழ் படித்தவருக்கு மிக எளிது. ஓர் ஊர், ஒரு வீடு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். உயிரெழுத்துக்கு முன் ஓர், உயிர்மெய்க்கு முன் ஒரு. ஆங்கிலத்திலும் அதே கணக்கு. ஆங்கில எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். யுனிவர்சிட்டி ‘யு’வில் தொடங்குகிறது, ஆகவே எ யுனிவர்சிட்டி. எஸ்.பி.எம். ‘எ’யில் தொடங்குகிறது, ஆகவே அன் எஸ்.பி.எம். சர்ட்டிஃபிகேட். எச்.ஆர். ஆஃபிசருக்கும் அன், யு.எஸ்.பி. கேபிளுக்கு எ. மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்ற சொல்லில் எச் ஒலிப்பதில்லை, அதனால் அன். இரண்டு இடங்களில் மட்டும் தமிழ் எழுத்து ஏமாற்றும். ஜார்ஜ்டவுனில் எங்கே திரும்பினாலும் ஒன்-வே சாலை. அந்த ‘ஒன்’ ஆங்கில வாயில் ‘வன்’ என்று தொடங்குகிறது, ஆகவே எ ஒன்-வே ஸ்ட்ரீட். ஆண்டைக் குறிக்கும் இயர் ‘யி’ ஒலியில் தொடங்குவதால் எ இயர், காதைக் குறிக்கும் இயர் உயிரொலியில் தொடங்குவதால் அன் இயர்.

ஆங்கிலேயரே தவறும் லை, லே என்ற இரண்டும் தமிழருக்கு விளையாட்டு. கிட, கிடத்து. தானே கிடப்பது லை, ஒன்றைக் கிடத்துவது லே. எழு, எழுப்பு என்பதும் அப்படியே ரைஸ், ரெய்ஸ். தன்வினை பிறவினை தெரிந்தவர் இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரே ஒரு கவனம் வேண்டும்: லை என்பதன் இறந்தகாலம் லே என்றே வரும், ஆங்கிலேயர் குழம்புவதும் அதனால்தான். போர்ட், போரிங் என்பதற்கும் தமிழ் உதவும். சலிப்படைந்தவர் போர்ட், சலிப்பூட்டுவது போரிங். “ஐ ஆம் போரிங்” என்று எழுதினால் என்னோடு பேசினாலே உங்களுக்குச் சலிப்பு வரும் என்று பொருளாகிவிடும்.

கேள்வியை வாக்கியத்துக்குள் நுழைக்கும்போது மட்டும் எந்த மொழியும் கைகொடுக்காது. தமிழிலும் மலாயிலும் அங்கே சொல்வரிசை மாறுவதில்லை. “வேர் இஸ் தி ஃபெரி டெர்மினல்?” என்று நேராகக் கேட்கலாம். “கேன் யூ டெல் மீ” என்று தொடங்கிவிட்டால் “வேர் தி ஃபெரி டெர்மினல் இஸ்” என்று இஸ் கடைசிக்குப் போக வேண்டும். “ஐ டோன்ட் நோ வாட் இஸ் திஸ்” என்பதைக் கைவிட்டு “வாட் திஸ் இஸ்” என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கும் பொறிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அதனுடைய என்ற பொருளில் வரும் இட்ஸ் என்ற சொல்லுக்கு மேற்கொக்கி (அபாஸ்ட்ரஃபி) கிடையாது. ஹிஸ், ஹெர் போல அதுவும் கொக்கியில்லாமல்தான் எழுதப்படும். ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்று விரித்துப் படிக்க முடிந்தால் மட்டும் கொக்கி போடுங்கள். யுவர் என்பதற்கும் அதே சோதனை, ‘யூ ஆர்’ என்று விரிந்தால் கொக்கி. அட்வைஸ், ப்ராக்டிஸ், லைசன்ஸ் மூன்றுக்கும் நாம் பின்பற்றும் பிரிட்டிஷ் முறையில் பெயர்ச்சொல்லுக்கு சி, வினைக்கு எஸ். கணினியின் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் உங்கள் சரியான எழுத்துக்கும் சிவப்புக் கோடு போடும். முதலில் அந்த அமைப்பை மாற்றிவிடுங்கள். அஃபெக்ட் பாதிப்பது, இஃபெக்ட் விளைவு. தென், தேன் இரண்டில் ஒப்பிடுவதற்கு உரியது ஏ எழுத்து உள்ளது. வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது, ‘பட்’ என்று தொடங்கக் கூடாது என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். நல்ல ஆங்கில எழுத்தாளர்கள் எப்போதும் இரண்டையும் செய்துவந்திருக்கிறார்கள்.

இலக்கணம் பார்க்கும் மென்பொருளை நம்பலாமா என்று பலர் கேட்பார்கள். மேற்கொக்கியும் எஸ் விட்டுப்போனதும் அதற்கு நன்றாகவே பிடிபடும். ஆனால் “ஐ வில் சென்ட் யூ டு தி ஏர்போர்ட்” என்பதில் இலக்கணப் பிழையே இல்லை, பொருள்தான் வேறு. “ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி” என்பதும் ஏறக்குறைய அப்படியே. பார்சல் விஷயத்தில் நீங்கள் சொன்ன யெஸ் எந்த மென்பொருளின் கண்ணிலும் படாது. நமக்கே உரிய பிழைகளை நாம்தான் பிடிக்க வேண்டும்.

ஆகவே எழுதி முடித்ததும் அனுப்பும் முன் மூன்று முறை வேகமாகப் படியுங்கள். முதல் முறை வினைகளை மட்டும்: யார் செய்தார், எப்போது, ‘ஹேட்’ தேவையா. இரண்டாம் முறை பெயர்ச்சொற்களை மட்டும்: ‘தி’யா ‘எ’யா, எஸ் வேண்டுமா. மூன்றாம் முறை ஒலியெழுப்பிப் படியுங்கள், அடியில் தமிழ் ஓடுகிறதா மலாய் ஓடுகிறதா என்று காது சொல்லும். எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் பார்க்க முயன்றால் எதுவும் கண்ணில் படாது. மேலாளர் திருத்தியவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பக்கத்தில் அது எந்த மொழியிலிருந்து வந்தது என்று குறியுங்கள். அதே நாலைந்து பிழைகள்தான் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். உங்கள் மின்னஞ்சல் இப்படி ஆகும்: “ஐ கம்ப்ளீட்டட் தி ரிப்போர்ட் யெஸ்டர்டே. வீ டிஸ்கஸ்ட் தி ஈக்விப்மென்ட் வித் தி ஸ்டாஃப். ஐ ஹேவ் பீன் ஹேண்ட்லிங் திஸ் ஃபார் த்ரீ மந்த்ஸ். ப்ளீஸ் ரிப்ளை டுடே.”

கடைசியாக உங்கள் தனிச் சந்தேகம். “பிட்வீன் யூ அண்ட் மீ” என்று நீங்கள் எழுதியதை மேலாளர் “பிட்வீன் யூ அண்ட் ஐ” என்று மாற்றியது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை, நீங்கள் எழுதியதே சரி. “மீ அண்ட் மை ஃப்ரெண்ட்” என்று தொடங்காதே என்று சிறு வயதில் திருத்தப்பட்டவர்கள், ‘மீ’ என்றாலே தவறு என்று பயந்து எல்லா இடத்திலும் ‘ஐ’ போட்டுவிடுவதுண்டு. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களிடமும் இது நிறைய இருக்கிறது. பிட்வீன், ஃபார், வித், டு போன்ற சொற்களுக்குப் பின்னால் மீ, ஹிம், ஹெர், அஸ் தான் வரும். “உனக்கும் எனக்கும் இடையே” என்று சொல்வோமே தவிர “நீயும் நானும் இடையே” என்று சொல்வோமா? அவரிடம் நேரில் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சொல்வதானால் எல்லாருக்கும் முன்னால் சொல்லாமல் தனியாகச் சொல்லுங்கள். “வித் ஐ” என்று யாரும் எழுதுவதில்லையே சார், இதுவும் அதே விதிதானா என்று கேள்வியாகவே கேட்டால் அவர் தாமாக அகராதியைப் புரட்டிப் பார்த்துக்கொள்வார்.